மண்ணும் சொல்லும்

நுழையும் முன்

மருத்துவர், பொறியாளர், படைவீரர், வங்கி அலுவலர் ஆகியோரின் பணிகளை நாம் அன்றாடம் காண்கிறோம். மண்ணுக்குள் கிடக்கும் பானை ஓடு, பாறையில் தேய்ந்துபோன எழுத்து, மூதாட்டி ஒருவரின் பேச்சு ஆகியவற்றை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் நம் நாட்டில் உள்ளனர். மனிதர் வாழ்ந்த வாழ்வையும் வாழும் வாழ்வையும் ஆராயும் அவர்களுடைய பணிகளை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

இருப்புப்பாதைக்குச் சென்ற செங்கற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், இலாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. தண்டவாளத்தின் அடியில் பரப்புவதற்குக் கற்கள் தேவைப்பட்டன. ஆற்றுச் சமவெளியாகிய அப்பகுதியில் கருங்கல் எளிதில் கிடைக்கவில்லை. ஆனால், அரப்பா என்னும் ஊரின் அருகே பெரிய மேடுகள் இருந்தன. அவற்றில் நன்கு சுடப்பட்ட செங்கற்கள் அளவின்றிக் கிடைத்தன. பணியாளர்கள் அவற்றைப் பெயர்த்தெடுத்து வண்டி வண்டியாகக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளப் பாதைக்கு அச்செங்கற்கள் பயன்பட்டன என்று அலெக்சாண்டர் கன்னிங்காம் பின்னர்க் குறிப்பிட்டார். 1861ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவர் அவரே ஆவார்.

கன்னிங்காம் அரப்பாவுக்கு நேரில் சென்றவர். அங்குக் கிடைத்த முத்திரை ஒன்றை 1875இல் வெளியிட்டவரும் அவரே. அம்முத்திரையில் காளையின் உருவமும் அறியப்படாத எழுத்துகளும் இருந்தன. ஆயினும், அது வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்றே அவர் கருதினார். 1921இல் தயாராம் சாகினி அரப்பாவில் அகழாய்வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆர். டி. பானர்ஜி மொகஞ்சதாரோவில் தோண்டினார். ஈரிடங்களிலும் ஒரே வகையான முத்திரைகள் கிடைத்தன. 1924இல் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல், இந்தியாவில் மிகப் பழைய நகர நாகரிகம் ஒன்று இருந்தது என்பதை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்த அந்நாகரிகத்தையே நாம் சிந்துவெளி நாகரிகம் என்கிறோம்.

இருப்புப்பாதைக்குச் சென்ற செங்கற்கள் அழியவில்லை. அவை தண்டவாளத்தின் அடியில்தான் கிடந்தன. அழிந்தது வேறொன்று. எந்தச் செங்கல் எந்தச் சுவரில் இருந்தது, அச்சுவர் எந்த வீட்டைச் சேர்ந்தது, அவ்வீட்டின் தரையில் என்னென்ன பொருள்கள் கிடந்தன என்னும் செய்திகள் அழிந்தன. செங்கல்லைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அச்செய்திகள் திரும்பி வாரா. பொருளும் அதன் இடமும் சேர்ந்திருக்கும்போதுதான் கடந்த காலம் பேசும். அந்தச் சேர்க்கையைக் கெடாமல் படித்துக் காப்பதே இப்பாடத்தில் கூறப்படும் தொழில்கள் அனைத்திற்கும் பொதுவான கடமையாகும்.

1. அகழ்வோர்

தொல்லியல் அறிஞர் மண்ணைத் தோண்டிப் பொருள்களை எடுப்பவர் என்று பலரும் எண்ணுகின்றனர். இக்கருத்து பாதி உண்மையே. தோண்டுவதைவிட அளப்பதும் குறிப்பதும் வரைவதும் ஒளிப்படம் எடுப்பதுமே அவருக்கு மிகுதியான பணிகளாகும்.

அகழாய்வு நடைபெறும் நிலத்தை முதலில் சம அளவுள்ள சதுரங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு சதுரத்தையும் மெல்ல மெல்லச் சுரண்டிக் கீழே செல்வர். இரு குழிகளுக்கு இடையே சிறிதளவு மண்ணைத் தோண்டாமல் சுவர்போல் விட்டுவைப்பர். அந்த மண்சுவரில் அடுக்கடுக்காக நிறம் மாறுவதைக் காணலாம். சாம்பல் நிற அடுக்கு அடுப்பு எரிந்த இடத்தைக் காட்டலாம். வண்டல் அடுக்கு வெள்ளம் வந்ததைக் காட்டலாம். மண் கலைக்கப்படாத இடத்தில் கீழடுக்கு பழையது. மேலடுக்கு அதற்குப் பிந்தியது. எந்தப் பொருள் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதன் அருகே கிடைத்தது என்பதை உடனுக்குடன் எழுதி வைப்பர். அகழாய்வு என்பது ஒரே ஒரு முறை மட்டும் படிக்கக்கூடிய நூலைப் போன்றது. படித்த பக்கத்தைத் திரும்பப் புரட்ட இயலாது. ஆதலால்தான் குறிப்பேட்டுக்கு இத்துணைச் சிறப்பு.

இம்முறையின் பயனைப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் காணலாம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு செய்தார். இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட செந்நிற மட்கலங்களின் உடைந்த துண்டுகள் சில கிடைத்தன. அவ்வகைக் கலங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வழக்கொழிந்துவிட்டன என்பது அறிஞர்களுக்கு முன்பே தெரியும். ஆகவே, அவை கிடந்த மண்ணடுக்கின் காலம் தெளிவாயிற்று. அவற்றோடு சேர்ந்து கிடந்த தென்னிந்திய மட்கலங்களின் காலமும் தெளிவாயிற்று. அவற்றுள் ஒருவகைக் கலத்தின் உட்புறத்தில் சிறு புள்ளிகள் வட்ட வட்டமாகப் பதிக்கப்பட்டிருந்தன.

இரண்டாண்டுகள் கழித்து வீலர் கருநாடகத்திலுள்ள பிரம்மகிரியில் தோண்டினார். அங்கு மேலடுக்கில் அதே புள்ளிவட்டக் கலங்கள் கிடைத்தன. அதற்குக் கீழே பெருங்கற்கால மக்களின் பொருள்கள் இருந்தன. காலம் தெரிந்த ஓர் ஓட்டைக் கொண்டு காலம் தெரியாத ஓர் அடுக்கை அறியவும், ஓர் ஊரைக் கொண்டு மற்றோர் ஊரை அறியவும் இவ்வாறு வழி பிறந்தது. அரிக்கமேட்டு ஓடுகளை யாரேனும் பொறுக்கியெடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் இவற்றுள் எதுவும் தெரிந்திராது.

தோண்டாமலே நிகழ்ந்த கண்டுபிடிப்புகளும் உண்டு. இன்றைய சென்னை விமான நிலையத்தை அடுத்துள்ளது பல்லாவரம். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் அங்கிருந்த சரளைக்கல் பள்ளம் ஒன்றில் ஒரு கல்லைக் கண்டார். அதன் விளிம்புகள் இயற்கையாக உடைந்தவையாகத் தோன்றவில்லை. மனிதக் கை செதுக்கிய கற்கோடரி அது என்பதை அவர் உணர்ந்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அக்கல் சான்றாயிற்று. அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கண்டறியப்பட்டன. அவ்விடத்தை நம் காலத்தில் விரிவாக அகழ்ந்து ஆராய்ந்தவர் சாந்தி பப்பு ஆவார். அங்குள்ள மிகப் பழைய கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று அவருடைய ஆய்வுக்குழு 2011இல் அறிவித்தது.

இன்றைய தொல்லியலில் அறிவியல் மாணவர்க்கும் இடமுண்டு. கரிந்த நெல்மணியையும் பழைய மகரந்தத்தையும் தாவரவியல் கற்றவர் ஆராய்கிறார். எலும்புகளை ஆராய்ந்து, அவை எவ்விலங்கினுடையவை என்பதை விலங்கியல் கற்றவர் கூறுகிறார். உயிருள்ள பொருள்கள் அனைத்திலும் கதிரியக்கக் கரிமம் சிறிதளவு உண்டு. உயிர் நீங்கியபின் அது குறையத் தொடங்கி, 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையைக் கண்டறிந்த வில்லார்டு லிப்பிக்கு 1960இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும், கணிக்கப்படும் கரித்துண்டு எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால், அக்கணிப்பால் வரலாற்றுக்குப் பெரும்பயன் விளையாது.

2. படிப்போர்

கல்லிலும் செப்பேட்டிலும் பானை ஓட்டிலும் உள்ள எழுத்துகளைப் படித்துப் பொருள் கூறுபவர் கல்வெட்டியல் அறிஞர். அவர் கல்வெட்டின்மீது ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் மெல்லத் தட்டுவார். தாள் எழுத்தின் பள்ளங்களில் படியும். பிறகு அதன்மேல் மையை ஒற்றுவார். மேடான பகுதி கறுப்பாகவும் எழுத்துகள் வெள்ளையாகவும் தோன்றும். இதனை மைப்படி என்பர். மலை உச்சியிலுள்ள கல்வெட்டை நகரத்து அறையில் அமர்ந்து படிக்க மைப்படி துணை செய்கிறது.

எழுத்தைப் படிப்பது ஒருவரால் ஒரு நாளில் முடியும் செயல் அன்று. அசோகர் காலத்துப் பிராமி எழுத்துகளின் ஒலிகளை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் கண்டறிந்தார். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றின் குகைகளில் அவ்வெழுத்தைப் போன்ற எழுத்துகள் இருப்பதை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டார். ஆனால், அவற்றின் பொருள் விளங்கவில்லை. தென்னாட்டுக் குகைகளில் உள்ள அத்தகைய கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தார். 1965இல் ஐராவதம் மகாதேவன் மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியர் பெயர் இருப்பதைப் படித்துக் காட்டினார். ஒரு குன்றில் எழுதியிருந்த பெயரைத் தெளிவாக அறிய, அதைக் கண்ட நாளிலிருந்து 83 ஆண்டுகள் ஆயின.

ஐராவதம் மகாதேவனின் வாழ்க்கை மாணவர் அறியத்தக்கது. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றியவர் அல்லர். இந்திய ஆட்சிப்பணி அலுவலர். அலுவல்களுக்கு இடையே கிடைத்த காலத்தில் கல்வெட்டுகளைக் கற்றார். சிந்துவெளி எழுத்துகள் அனைத்தையும் கணிப்பொறியின் துணையோடு தொகுத்து 1977இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 2003இல் வெளிவந்தது. அவர் சிந்துவெளி எழுத்தைப் பற்றித் தம் கருத்தை முன்வைத்தார். எனினும், அவ்வெழுத்து எல்லாரும் ஏற்கும் வகையில் இன்றுவரை படிக்கப்படவில்லை. வருங்கால மாணவர்க்காக அப்பணி காத்திருக்கிறது.

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில் இயங்குகிறது. அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கான பிரிவு நாகபுரியில் உள்ளது. இத்துறையில் ஒரு மொழியை மட்டும் அறிந்தவரைக் காட்டிலும் இரண்டு, மூன்று மொழிகளை அறிந்தவர்க்கு வாய்ப்பு மிகுதி. வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தி, ஆங்கிலம், தெருவில் அம்மாநில மொழி எனப் பழகிய மாணவர்கள் இத்தொழிலுக்கு வேண்டிய அடித்தளத்தை ஏற்கெனவே பெற்றுள்ளனர்.

3. கேட்போர்

இராசசுத்தானத்தில் காளிபங்கன் என்னும் இடம் உள்ளது. 1960களில் அங்கு நடந்த அகழாய்வில் ஓர் உழுத வயல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 4,800 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் அவ்வயலில் உழவுச்சால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒரு திசையில் சால்கள் நெருக்கமாக இருந்தன. மற்றொரு திசையில் இடைவெளி விட்டு அகன்றிருந்தன. இதன் காரணம் என்ன? விடை அருகிலிருந்த வயல்களில் கிடைத்தது. அப்பகுதி உழவர்கள் அதே முறையில் உழுது, ஒரே நிலத்தில் இருவகைப் பயிர்களை விதைத்து வந்தனர். மண்ணுக்குள் புதைந்திருந்த வயலை வாழும் உழவரின் வயல் விளக்கியது.

வாழும் மக்களின் வழக்கங்களையும் உறவுமுறைகளையும் நம்பிக்கைகளையும் தொழில்களையும் ஆராயும் துறை மானிடவியல் ஆகும். மானிடவியல் அறிஞரின் முதன்மைக் கருவி மண்வெட்டி அன்று. பொறுமையாகக் கேட்கும் செவியே ஆகும்.

இந்தியாவின் முன்னோடி மானிடவியல் அறிஞர்களுள் ஒருவர் ஐராவதி கார்வே. பர்மாவில் 1905இல் பிறந்த அவருக்கு அந்நாட்டின் பேராறாகிய ஐராவதியின் பெயரே சூட்டப்பட்டது. புனே நகரிலுள்ள தக்காணக் கல்லூரியில் பணியாற்றிய அவர், இந்தியாவின் பல பகுதிகளில் வழங்கும் உறவுப்பெயர்களைத் தொகுத்து ஒப்பிட்டார். அவருடைய நூல் 1953இல் வெளியாயிற்று.

உறவுப்பெயர்களில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? தமிழ்க் குடும்பங்களில் தாயின் உடன்பிறந்தவர் 'மாமா'. அத்தையின் கணவரும் 'மாமா'. திருமணத்திற்குப் பின் துணையின் தந்தையும் 'மாமா'. இந்தியில் தாயின் உடன்பிறந்தவரை 'மாமா' என்றே அழைப்பர். ஆனால், அத்தையின் கணவர் 'ஃபூஃபா'; துணையின் தந்தை 'ஸஸுர்'. இந்தியில் மூன்று சொற்களால் குறிக்கப்படும் உறவினரைத் தமிழ் ஒரே சொல்லால் குறிப்பது ஏன்? முற்காலத்தில் தமிழ்நாட்டின் பல சமூகங்களில் மாமன் மக்களும் அத்தை மக்களும் தம்முள் மணம் செய்துகொள்வது வழக்கமாக இருந்தது. தாய்மாமனே மாமனாராகவும் ஆனார். ஆகவே, ஒரு சொல்லே போதுமானதாயிற்று. அவ்வழக்கம் இன்று அருகிவருகிறது. சொல்லோ நிலைத்து நிற்கிறது. மண்ணில் அடுக்குகள் இருப்பதுபோலவே மொழியிலும் அடுக்குகள் உள்ளன. பழைய வாழ்வின் தடம் நாள்தோறும் வழங்கும் சொல்லில் படிந்திருக்கிறது.

மானிடவியல் அறிஞர் ஓர் ஊரில் பல மாதங்கள் தங்கி, அம்மக்களின் மொழியில் பேசி, அவர்களோடு வாழ்ந்து செய்திகளைத் திரட்டுவார். இதனைக் களப்பணி என்பர். எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் தங்கிக் களப்பணி செய்தார். அங்கு வாழ்ந்தோரின் நலன் கருதித் தம் எழுத்தில் அவ்வூருக்கு 'இராம்புரா' என்று வேறு பெயர் இட்டார். 1970இல் அவர் அமெரிக்காவிலுள்ள ஆய்வு மையம் ஒன்றில் தங்கியிருந்தபோது, அங்கு வைக்கப்பட்ட தீயில் அவர் பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகள் எரிந்துபோயின. அவர் தளரவில்லை. நினைவில் நின்றவற்றைக் கொண்டே அவ்வூரைப் பற்றிய நூலை எழுதி 1976இல் வெளியிட்டார். நினைவிலிருக்கும் கிராமம் என்னும் பொருள்படும் பெயரையே அந்நூலுக்குச் சூட்டினார்.

எழுதிய தாள் எரிந்தால் நினைவு உதவலாம். நினைவே மறைந்தால் என்ன செய்வது? அந்தமான் தீவுகளில் 'போ' என்னும் மொழி வழங்கி வந்தது. அம்மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா சீனியர் என்னும் மூதாட்டி. தம் தாய்மொழியில் உரையாடுவதற்கு அவருக்கு எவரும் இல்லை. பிறரோடு பேச அவர் இந்தியைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. 2010ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், ஏறத்தாழ 85ஆம் அகவையில் அவர் மறைந்தார். அவரோடு அம்மொழியும் மறைந்தது. மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அதற்கு முன்பே அம்மூதாட்டியின் பேச்சையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்திருந்தார். இன்று அம்மொழியின் ஒலியை நாம் கேட்க முடிவது அப்பணியினால்தான்.

செங்கல் மண்ணுக்குள் நாலாயிரம் ஆண்டுகள் காத்திருக்கும். சொல் அவ்வாறு காத்திருப்பதில்லை. கேட்பதற்கு ஆள் உள்ளபோதே அதைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.

4. காப்போர்

கிடைத்த பொருளைக் கெடாமல் பேணுபவர் பாதுகாப்பாளர். அதை மக்கள் புரிந்துகொள்ளும் வகையில் அருங்காட்சியகத்தில் அமைப்பவர் காப்பாட்சியர். முதலாமவருக்கு வேதியியல் அறிவு மிகத் தேவை. ஈரக்காற்றும் உப்பும் புகையும் கல்லையும் உலோகத்தையும் ஓவியத்தையும் அரிக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு தேராதூனில் இதற்கென இயங்குகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அவற்றின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். கீழுள்ளதைக் காண மேலுள்ளதை அழிக்க வேண்டுமா? இரண்டும் வரலாறே. தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர்கள் பிற்காலத்தில் மேல் ஓவியங்களின் பகுதிகளைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தனிப்பலகைகளில் பொருத்தினர். சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. நாயக்கர் ஓவியமும் பிழைத்தது.

திருடப்பட்ட பொருளை மீட்பதிலும் இவ்வறிஞர்களின் பங்கு பெரிது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த பத்தூரில், சிதைந்த கோயில் ஒன்றின் அருகே 1976இல் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவருக்கு நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி இலண்டன் நகரை அடைந்தது. 1982இல் அந்நாட்டுக் காவல்துறை அதைக் கைப்பற்றியது. அது பத்தூரிலிருந்து வந்ததுதான் என்பதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி அவ்வழக்கில் சான்றுரைத்தார். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், அதன்மீது கரையான் ஊர்ந்த தடங்களும் பத்தூரில் கிடைத்தவற்றோடு ஒப்பிடப்பட்டன. இறுதியில் 1991இல் நடராசர் தாயகம் திரும்பினார்.

அரப்பாச் செங்கற்கள் தம் இடத்தை இழந்ததால் பேச்சற்றுப் போயின. பத்தூர்த் திருமேனியோ தன்மேல் ஒட்டியிருந்த சிறிதளவு மண்ணின் துணையால் தன் ஊரைச் சொல்லிற்று.

இத்துறைகளில் சேர

பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவைப் பயின்றவரும் இத்துறைகளுக்குள் வர வழி உண்டு. வரலாறு, தொல்லியல், மானிடவியல், மொழியியல், தமிழ், சமற்கிருதம் ஆகியவற்றைப் பட்டப்படிப்பில் பயிலலாம். நிலவியல், தாவரவியல், வேதியியல் ஆகியவற்றைப் பயின்று, பின்னர்த் தொல்லியல் ஆய்வில் ஈடுபடலாம். இந்தியாவில் மானிடவியலுக்குத் தனித்துறை கண்ட முதல் பல்கலைக்கழகம் கொல்கத்தாப் பல்கலைக்கழகமாகும். தில்லிப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறைகள் உள்ளன. புனே தக்காணக் கல்லூரி தொல்லியலுக்கும் மொழியியலுக்கும் பெயர்பெற்றது. வதோதராவிலுள்ள பல்கலைக்கழகத்தில் தொல்லியலோடு அருங்காட்சியகவியலும் கற்பிக்கப்படுகிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் பயிலலாம். இந்தியத் தொல்லியல் துறை தன் பயிற்சி நிறுவனத்தைப் பெரு நொய்டாவில் நடத்துகிறது. முதுகலை முடித்தோர் அங்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம்.

இந்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறைகள், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம், அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை பணி வழங்குகின்றன. மானிடவியல் ஆய்வு நிறுவனம் 1985இல் தொடங்கிய பெருந்திட்டத்தின்வழி நாடு முழுவதும் 4,600க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பற்றிய செய்திகள் திரட்டப்பட்டன.

பணியிடங்கள் மிகுதியாக இல்லை என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். வெயிலிலும் புழுதியிலும் பல வாரங்கள் உழைத்தும் சில ஓடுகளே கிடைக்கலாம். களப்பணியின்போது வீட்டை விட்டு நெடுந்தொலைவில் தங்க நேரும். பொறுமையும், தெரியாததைத் தெரியாது என்று கூறும் நேர்மையும், பிறர் வழக்கத்தை எள்ளாத பண்பும் இப்பணிகளுக்கு இன்றியமையாதவை.

வீட்டிலிருந்து தொடங்கலாம்

பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் மாணவர்கள், தமக்கென ஓர் ஊர் இல்லையே என்று சில வேளைகளில் வருந்துவதுண்டு. மானிடவியல் அறிஞர்கள் அயலூருக்குச் சென்று, அம்மக்களின் மொழியையும் உணவையும் திருவிழாக்களையும் உற்றுநோக்கிக் கற்கின்றனர். அம்மாணவர்கள் இளமையிலேயே அவ்வாறு கற்று வருகின்றனர். தீபாவளிக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டிலிருந்து, மாலையில் இலக்குமி பூசை செய்யும் வீட்டுக்குச் செல்லும் சிறுவன் இருவேறு வழக்கங்களை ஒரே நாளில் காண்கிறான். அவ்வாறு காண்பவனுக்கு 'ஏன்?' என்னும் வினா இயல்பாகவே எழும். அவ்வினாவே இத்துறைகள் அனைத்திற்கும் தொடக்கம்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வயலிலோ ஆற்றங்கரையிலோ பழைய நாணயமோ சிலையோ கிடைத்தால், அதைப் பையில் போட்டுக்கொண்டு வருதல் தகாது. இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. பொருளை அதன் இடத்திலேயே விட்டுப் பெரியவர்களிடம் கூறுவதே முறை.

வீட்டிலும் மறைந்துவரும் செல்வங்கள் உண்டு. பாட்டி பயன்படுத்திய ஆட்டுக்கல், முறம், மரக்கால் ஆகியவற்றின் பெயர்களும், தாத்தா கூறும் ஊர்க்கதைகளும், வட்டாரச் சொற்களும் அத்தகையவை. அவற்றைக் கேட்டு எழுதும்போது யார் கூறினார், எந்த ஊரில் வழங்கியது, எப்போது கூறினார் என்பவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். இடமும் பெயரும் இல்லாத குறிப்பு, இருப்புப்பாதையின் அடியில் கிடக்கும் செங்கல்லைப் போன்றது.

சொற்பொருள்

அகழாய்வு – நிலத்தை முறையாகத் தோண்டி ஆராய்தல்
மட்கலம் – மண்ணால் செய்த பாத்திரம்
வண்டல் – வெள்ளம் கொண்டுவந்து படியவிடும் மண்
சால் – ஏர் உழுத தடம்
மைப்படி – தாளும் மையும் கொண்டு எடுக்கும் கல்வெட்டுப் படி
திருமேனி – கோயிலில் வழிபடும் தெய்வ உருவம்
மரக்கால் – தானியம் அளக்கும் கருவி
அகவை – வயது

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அரப்பாச் செங்கற்கள் எதற்குப் பயன்படுத்தப்பட்டன?
2. அகழாய்வில் குழிகளுக்கு இடையே மண்சுவரை விட்டுவைப்பது எதைக் காண உதவுகிறது?
3. மைப்படி எடுக்கும் முறையைக் கூறுக.
4. எம். என். சீனிவாஸ் தாம் ஆராய்ந்த ஊருக்கு வேறு பெயர் இட்டது ஏன்?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. அரிக்கமேட்டு மட்கலங்கள் பிரம்மகிரியின் காலத்தை அறிய எவ்வாறு உதவின?
2. 'செங்கல் காத்திருக்கும், சொல் காத்திருக்காது' – இத்தொடரைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

இ. ஒப்பிட்டு எழுதுக.
தாயின் தங்கை, தந்தையின் அண்ணன், தந்தையின் தங்கை, மாமாவின் மகன் – இவ்வுறவினரைத் தமிழிலும், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் எவ்வாறு அழைப்பர்? அட்டவணையாக எழுதி, வகுப்புத் தோழர்களின் அட்டவணைகளோடு ஒப்பிடுக.

ஈ. செயல்திட்டம்
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ பேசுங்கள். இப்போது வழக்கில் குறைந்துவிட்ட ஐந்து பொருள்களின் பெயர்களைக் கேட்டு, அவற்றின் பயனையும் எழுதுங்கள். கூறியவர் பெயர், அவருடைய ஊர், கேட்ட நாள் ஆகியவற்றை மறவாமல் குறிப்பிடுங்கள்.